கல்யாணப் பத்திரிகையை யாரும் இன்ஸ்டால் செய்வதில்லை

செட்டிநாட்டுப் பக்கம் முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் வாட்ஸ்அப்பைத் திறந்தாலே பத்திரிகைதான். கல்யாணம், அறுபதாம் கல்யாணம், கும்பாபிஷேகம், போதாததற்குச் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கும் பங்காளிகள் அனுப்புவது வேறு. திருடர்களுக்கும் இது தெரியும். அழைப்பிதழ் என்று ஒரு ஃபைல் வரும், தட்டினால் பத்திரிகை திறக்காது, போனில் ஒரு ஆப் ஏறி உட்காரும், அப்புறம் வங்கியிலிருந்து உங்களுக்கு வரும் ஓடிபி எங்கோ இருக்கும் ஒருவனுக்கும் சேர்ந்தே போகும். 2024 கடைசியிலேயே போலீஸ் எச்சரித்த மோசடி இது. டிராஃபிக் சலான், பிஎம் கிசான், வங்கி கேஒய்சி என்று பெயர் மாறும், சரக்கு ஒன்றுதான்.

தெரியாத நம்பரிலிருந்து வருவதைத் திறக்காதே என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது பாதி மருந்துதான். ஒரு போனைப் பிடித்துவிட்டால் அதிலிருக்கும் எண்களுக்கெல்லாம் அதே ஃபைலை அனுப்புவதுதான் இவர்கள் வழக்கம், அதனால் உங்களுக்கு அது தேவகோட்டைச் சித்தப்பா நம்பரிலிருந்தே வரலாம். புதுத் தந்திரமும் இல்லை. 2000 மே மாதம் உலகத்தையே ஆட்டிய 'ஐ லவ் யூ' வைரஸ் தெரிந்தவர் ஈமெயிலில் காதல் கடிதமாகத்தான் வந்தது. பெயர் டிஎக்ஸ்டி என்று முடிவதுபோல் தெரியும், அதற்குப் பின்னால் இருந்த விபிஎஸ் என்ற வாலை (அது ஓடுகிற புரோகிராம் என்பதற்கு அடையாளம்) விண்டோஸ் மறைத்துவிடும். ஆகவே யார் அனுப்பினார் என்பதை விட்டுவிட்டு, வந்தது என்ன என்று பாருங்கள்.

பார்ப்பது சுலபம். வாட்ஸ்அப்பில் வரும் ஃபைலுக்குக் கீழேயே அதன் அளவும் வகையும் சின்ன எழுத்தில் இருக்கும். ஜேபிஜி, பிடிஎஃப், எம்பி4 என்றால் பார்க்கிற சாமான். ஏபிகே என்றிருந்தால் அது ஆப், பெயரில் என்ன எழுதியிருந்தாலும் சரி. அதைத் தட்டினாலும் போன் உடனே விட்டுவிடாது, 'இந்த வழியாக வரும் ஆப்பை ஏற்ற அனுமதி இல்லை' என்று ஒரு பெட்டி காட்டி செட்டிங்ஸுக்குப் போகச் சொல்லும். பத்திரிகை பார்க்க எதற்கு செட்டிங்ஸ்? அங்கேயே பின்வாங்கிவிடலாம். அதையும் தாண்டிப் போனவர்களிடம் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், பிறகு 'அக்செசிபிலிட்டி'யை ஆன் செய்யச் சொல்லும். இந்தக் கடைசியைக் கொடுத்துவிட்டால் திரையில் தெரிவதையெல்லாம் அது படிக்கும், உங்களுக்குப் பதிலாக அதுவே தட்டும். விலாசம் கேட்டு வந்தவனை முகப்பில் நிறுத்திப் பேசி அனுப்பாமல் இரண்டாங்கட்டு வரை கூட்டிப்போய்ச் சாவிக்கொத்தையும் கையில் கொடுப்பது மாதிரிதான்.

ஊரில் தனியாக இருக்கும் அப்பத்தா, ஆயா போனை அடுத்த தடவை கையில் எடுக்கும்போது இதைச் செய்துவிடுங்கள். செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் ஸ்பெஷல் ஆப் அக்சஸ், அதற்குள் 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' (போனுக்குப் போன் இடம் மாறும், மேலே தேடும் கட்டத்தில் அடித்தால் கிடைக்கும்). அங்கே வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் எல்லாமே 'நாட் அலவ்டு' என்று இருக்க வேண்டும். பிளே ஸ்டோரில், ஆப்களைச் சோதித்துப் பார்க்கும் பிளே புரொடெக்ட் ஓடுகிறதா என்றும் பாருங்கள். "ஆச்சி, ஏதாவது அனுமதி கேட்டால் வேண்டாம்னு அமுக்கிட்டு எனக்கு போன் பண்ணுங்க" என்று சொல்லி வைத்தால் போதும், வைரஸ் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம்.

கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கம் பழைய வீட்டை ஓட்டலாக நடத்துகிறவர்களுக்கு வேறு ஒரு வலை. புக்கிங்.காம் பெயரைப் போட்டு, தங்கிப் போனவர் புகார் கொடுத்திருக்கிறார், பதில் சொல்லுங்கள் என்று மெயில் வரும். லிங்க்கைத் தட்டினால் 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்' என்று ஒரு பக்கம். நிரூபிக்கும் முறைதான் விசேஷம்: விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்கு, அப்புறம் கன்ட்ரோல் வி, அப்புறம் என்டர். ஓசைப்படாமல் காப்பி ஆகியிருந்த கட்டளையை உங்கள் கையாலேயே ஓட வைக்கிறான், நீங்களே ஓட்டுவதால் ஆன்டிவைரஸும் சில சமயம் கோட்டை விட்டுவிடும். தெற்காசியா உட்படப் பல இடங்களில் ஓட்டல்காரர்களைக் குறிவைத்து இது நடப்பதாக மைக்ரோசாஃப்ட் 2025 மார்ச்சில் சொன்னது. எந்த நிஜமான சோதனையும் கீபோர்டில் இப்படி அமுக்கச் சொல்லாது. ரிசப்ஷனில் இருக்கும் பிள்ளைக்கு இதை இன்றைக்கே சொல்லுங்கள், புகார் உண்மையா என்பதை அந்தத் தளத்தில் நேராக லாகின் செய்து பார்க்கட்டும்.

ஜெராக்ஸ் கடைக்குப் பென்டிரைவ் கொண்டுபோகிறவர்கள் கவனிக்க. பத்துப் பேர் செருகிய கம்ப்யூட்டரில் செருகி எடுத்து வீட்டில் திறந்தால், ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக, மூலையில் சின்ன அம்புக்குறியோடு நிற்கும். அதை டபுள் கிளிக் செய்யாதீர்கள். வைரஸ் உங்கள் நிஜ ஃபோல்டரை ஒளித்துவைத்துவிட்டு அதே பெயரில் தன்னை நிறுத்தியிருக்கிறது, கிளிக் செய்தால் முதலில் அது ஓடும், பிறகுதான் ஃபோல்டரைத் திறந்து காட்டும், அதனால் உங்களுக்குச் சந்தேகமே வராது. முதலில் ஸ்கேன் செய்யுங்கள். விண்டோஸில் வியூ மெனுவுக்குப் போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்', 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' இரண்டையும் டிக் செய்து வைத்தால் இந்த நாடகம் பாதி வெளுத்துவிடும். பிரிண்ட் எடுக்க மட்டும்தான் என்றால் பென்டிரைவே வேண்டாம், பிடிஎஃபைக் கடைக்காரருக்கு மெயிலில் அனுப்புங்கள். அங்கே உங்கள் மெயிலையோ வாட்ஸ்அப் வெப்பையோ திறக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

கிராக் செய்த போட்டோஷாப், புதுப்பட டவுன்லோடு இதெல்லாம் கேட்கவே வேண்டாம். இரண்டரை மணி நேரப் படம் 2 எம்பி-யில் வராது, வந்தால் அது படம் இல்லை. திடீர் திடீரென்று 'உங்கள் போனில் 5 வைரஸ்' என்று அறிவிப்பு வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு தளத்துக்கு 'அலவ்' கொடுத்திருப்பீர்கள், குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸுக்குப் போய் எடுத்துவிடுங்கள், தீர்ந்தது.

அப்டேட்டைத் தள்ளிப்போடுவது மட்டும் எனக்குப் புரியாத சோம்பல். 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் வந்து கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டதே, அதற்கான ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, கடையில் இன்னும் அதில்தான் பில் போடுகிறீர்கள் என்றால் யோசியுங்கள். கணக்கு ஃபைல்களை ஒரு தனி ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து, எடுத்ததும் கழற்றி வைத்துவிடுங்கள், மாட்டியே கிடந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவான்.

சரி, ஏபிகே-யைத் தட்டி ஏற்றியே விட்டீர்கள் என்றால்? முதலில் மொபைல் டேட்டா, வைஃபை இரண்டையும் அணையுங்கள், சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுங்கள். அந்த வேறு போனிலிருந்து வங்கிக்குப் பேசிக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள், பணம் போயிருந்தால் அடுத்த அழைப்பு சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930. தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கணக்கு கணக்காகக் கைமாறிவிடும். பாஸ்வேர்டு, யுபிஐ பின் எல்லாவற்றையும் மாற்றுங்கள், அந்த போனிலேயே உட்கார்ந்து மாற்றாதீர்கள். உறவுக்காரர்களுக்கும் சொல்லிவிடுங்கள், உங்கள் பெயரில் அவர்களுக்குப் பத்திரிகை போயிருக்கலாம். அப்புறம் போனைச் சேஃப் மோடில் (நீங்கள் ஏற்றிய ஆப்கள் ஓடாத நிலை) போட்டு, அந்த ஆப்புக்கு 'டிவைஸ் அட்மின்' அனுமதி இருந்தால் முதலில் அதை எடுத்து, பிறகு நீக்குங்கள். நீங்கவில்லை, அல்லது ஐகானே காணோம் என்றால் படங்களை மட்டும் காப்பி எடுத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட். திரும்ப ஆப்களை ஏற்றும்போது பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் ஏற்றுங்கள், டவுன்லோட்ஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து கொண்டுவராதீர்கள், அந்தப் பத்திரிகை அதற்குள்தான் கிடக்கும்.