ஃபோன்டென்ப்ளோ அரண்மனைக் கூடத்தை எப்படிப் பார்ப்பது?

பாரிசுக்குப் பக்கத்தில் உள்ள ஃபோன்டென்ப்ளோ அரண்மனைக்குப் போகிறவர்கள் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவாவின் பெயர் கொண்ட கூடத்தை ஐந்தே நிமிடத்தில் நடந்து கடந்துவிடுகிறார்கள், அதைப் பார்க்க எனக்கு மனசே ஆறுவதில்லை. செவ்வாய்க்கிழமை விடுமுறை; மற்ற நாளில் போங்கள், இந்தக் கூடத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

உள்ளே போனதும் ஓவியத்தை விட்டுவிட்டு, அதைச் சுற்றியுள்ள சுதை வேலையை முதலில் பாருங்கள். இத்தாலியிலிருந்து வந்த ஓவியர் ரோஸ்ஸோ ஃபியோரெந்தினோ 1530-களில் செய்த புதுமையே அதுதான்: ஓவியத்துக்குச் சட்டமாக இருக்க வேண்டிய சுதை, ஆளுயர உருவங்களும் பழக்கொத்துகளுமாகச் சுவரை விட்டு முன்னால் வந்து நிற்கிறது. தடித்த தோலை வெட்டி ஓரத்தைச் சுருட்டிவிட்டது போல ஒரு அலங்காரம் தெரியும், அதை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஐரோப்பா முழுவதும் பரவிய பாணி அது.

அப்புறம் எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாமல், ஒரே ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் யானை ஓவியம் உள்ள பகுதி. உடம்பெல்லாம் அரச அல்லிப்பூச் சின்னம் இருப்பதால் அது மன்னரையே குறிக்கிறது என்பார்கள், காலடியில் பெற்றோரைப் பேணும் பறவையாகச் சொல்லப்படும் நாரை. இப்போது இரு பக்கமும் பாருங்கள்: காளையாக வந்து ஐரோப்பா என்ற இளவரசியைத் தூக்கிப்போகும் ஜூபிடர், குதிரையாக மாறிய சாட்டர்ன். விலங்கு வடிவில் வந்த தெய்வங்களுக்கு நடுவே யானை வடிவில் ராஜா! நடுவில் இருப்பதை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது.

கூடம் சுமார் 60 மீட்டர் நீளம், அகலம் 6 மீட்டர்தான், அதனால் எதிர்ச் சுவரை ஒட்டி நின்றால்தான் ஒரு பகுதி முழுசாகக் கண்ணில் அடங்கும். முன்பு இரு பக்கமும் ஜன்னல் இருந்தது. 1786-ல் வடக்கே புதுக் கட்டடம் எழுப்பியபோது அந்தப் பக்கம் அடைபட்டுப்போனது. ஜன்னல் பக்கச் சுவரைப் பார்க்கும்போது கண் கூசும், கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொள்ளுங்கள்.

கீழே வால்நட் மரப்பலகைகளில் மன்னரின் சின்னமான, தீயில் வாழும் என்று கதைகளில் சொல்லப்படும், பல்லி போன்ற சாலமாண்டரைத் தேடுங்கள்.

1540-ல் இங்கிலாந்துத் தூதர் ஹென்றி வாலப் வந்தபோது, மன்னர் தம் படுக்கையறையின் அலங்காரத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி பெஞ்சில் ஏறச் சொன்னார், எட்டாததால் தாமே கைகொடுத்துத் தூக்கிவிட்டாராம். நாம் தொட முடியாது, ஒரு சின்ன பைனாகுலர் எடுத்துக்கொண்டு போங்கள்.