வெளிநாடு கெளம்புறீங்களா? இன்சுலினும் மாத்திரையும் நிக்காம பாத்துக்குறது எப்படி

எனக்கு 15 வயசுல டைப் 1 சுகர்னு சொன்னாங்க, பெரியாஸ்பத்திரில ஒரு வாரம் கெடந்தேன், அப்பலருந்து தெனமும் ஊசிதான். படிக்கிறதுக்கு இங்கிலாந்து கெளம்புனப்ப வீட்ல எல்லாரும் ஊறுகா, பருப்புப்பொடி, ஸ்வெட்டர்னு அலைஞ்சாங்க, மருந்த பத்தி மட்டும் "அங்க எல்லாம் நல்லா கெடைக்கும்"னு ஒரே பேச்சுல முடிச்சுட்டாங்க. கெடைக்கும்தான், ஆனா எறங்குன மறுநாளே கெடைக்காது. இங்க வாங்குன மருந்து தீர்றதுக்கும் அங்க ஒரு டாக்டர் உங்களுக்கு எழுதிக் குடுக்குறதுக்கும் நடுவுல இருக்குற நாளுதான் ஆபத்தான நாளு. சுகர், தைராய்டு, பிரஷர், வலிப்பு, ஆஸ்துமா, எதுக்கு மாத்திரை எடுத்தாலும் இதான் கதை.

அதுனால ஃப்ளைட் தேதிய ஒருபக்கம் வச்சுட்டு, கைல கொண்டுபோற மருந்து என்னைக்கு தீருதுங்கிற தேதிய காலண்டர்ல வட்டம் போடுங்க. அந்த வட்டத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடியே அங்க உங்க பேர்ல ஒரு டாக்டர் இருக்கணும். மதுரை டாக்டர் சீட்ட இங்கிலாந்துல மருந்துக்கடைல நீட்டுனா தரமாட்டாங்க, அங்க உள்ள டாக்டர்தான் எழுதணும், அவரு பாக்குறதுக்கு அப்பாயின்ட்மென்ட், அப்புறம் ரத்த டெஸ்ட், அப்புறம்தான் சீட்டு. நான் மூணு மாசத்துக்கு கொண்டு போனேன், அதுல ஒரு மாசம் இதுக்கே போச்சு.

அடுத்தது மருந்து பேரு. நம்ம தெரு மெடிக்கல்ல காலி அட்டைய காமிச்சாலே போதும், அண்ணன் பாத்துட்டு எடுத்துக் குடுத்துருவாரு. அங்க அந்த அட்டைக்கு அர்த்தமே கெடையாது. தைரோநார்ம்னு சொன்னா முழிப்பாங்க, லெவோதைராக்ஸின்னு சொன்னா உடனே புரியும். அட்டைக்குப் பின்னால சின்ன எழுத்துல இருக்குற அந்தப் பேரையும் எத்தன மி.கி., இல்ல மைக்ரோகிராம்னும் ஒவ்வொண்ணா ஒரு பேப்பர்ல எழுதிக்கங்க. அப்பதான் இன்னொரு விஷயம் தெரிய வரும், நம்ம ஊர்ல நெறைய பேருக்கு குடுக்குற மூணு மருந்து ஒண்ணா சேந்த சுகர் மாத்திரைல வோக்லிபோஸ் இருக்கும், இல்லாட்டி டெனிலிகிளிப்டின் எழுதியிருப்பாங்க, இது ரெண்டும் இங்கிலாந்துலயும் அமெரிக்காவுலயும் புழக்கத்துலயே இல்ல. அங்க போயி அவசரத்துல மாத்துறத விட, கெளம்புறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே உங்க டாக்டர்கிட்ட "அந்த நாட்டுல கெடைக்கிற மருந்தா மாத்தி குடுங்க சார்"னு கேட்டு, இங்கயே சாப்பிட்டுப் பாத்து உடம்பு செட்டாகி போறதுதான் நல்லது.

அவருகிட்டயே லெட்டரும் வாங்கிருங்க, லெட்டர்ஹெட்ல, இங்கிலீஷ்ல டைப் அடிச்சு, என்ன வியாதி, எப்பலருந்து, என்ன மருந்து, எவ்வளவு, கூட ஊசி சிரிஞ்சு எடுத்துட்டுப் போறாருன்னு ஒரு வரி, கையெழுத்து, ரெஜிஸ்ட்ரேஷன் நம்பர், சீல். பேரு பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரியே இருக்கணும், நமக்கு இதுல எப்பவும் குழப்பம்தான், ஆஸ்பத்திரி ஃபைல்ல இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா இருக்கும், பாக்குறவனுக்கு அது ரெண்டு ஆளு.

இப்ப இன்சுலின் வயல் (சிரிஞ்சுல இழுத்துப் போடுற குப்பி) போடுறவங்க இத ரெண்டு தடவ படிங்க. நம்ம ஊர்ல சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சுல போடுறமே, அது 40 யூனிட் கணக்கு, அதாவது ஒரு மில்லில 40 யூனிட். இங்கிலாந்து, அமெரிக்கா மாதிரி நாட்டுல சாதாரணமா கெடைக்கிறது ஒரு மில்லில 100 யூனிட், அதுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. பழக்கத்துல ஊர்லருந்து கொண்டு போன சிவப்பு மூடி சிரிஞ்ச எடுத்து அந்த ஊரு மருந்த 10ங்கிற கோடு வரைக்கும் இழுத்தீங்கன்னா உள்ள போறது 25 யூனிட், ரெண்டரை மடங்கு. ராத்திரி தூங்குறப்ப சுகர் எறங்கி லோ ஆனா எந்திரிக்கவே முடியாமப் போயிரும். மாத்தி, ஊரு மருந்த ஆரஞ்சு சிரிஞ்சுல 10 வரைக்கும் எடுத்தா 4 யூனிட்தான் போகும், சுகர் ஏறிக்கிட்டே இருக்கும், ஏன்னே தெரியாது. முடிஞ்சா கெளம்புறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டு இன்சுலின் பென்னுக்கு மாறிருங்க, சாதாரணமா குடுக்குற பென்னு இங்கயும் அங்கயும் 100 கணக்குதான். வயலுதான்னா அந்த வயலுக்கான சிரிஞ்சயும் அதே டப்பால சேத்து வைங்க, அங்க புது மருந்து வாங்குன அன்னைக்கு பழைய சிரிஞ்ச மிச்சம் வைக்காம ஒதுக்கிருங்க.

சுகர் பாக்குற மெஷின்லயும் இதே மாதிரி குழப்பம் இருக்கு. நமக்கு சுகர் 180, 200ன்னுதான் பழக்கம், இங்கிலாந்து மெஷின்ல 10, 11ன்னு காமிக்கும். நம்ம நம்பர 18ஆல வகுத்தா அவங்க நம்பர். நம்ம 180 அங்க 10, நம்ம 70 அங்க 3.9. மூணு மாச சராசரி பாக்குற ஹெச்பிஏ1சி நமக்கு 7ன்னா அங்க 53ன்னு எழுதுவாங்க, முதல் தடவ பாத்தப்ப எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சு.

கெளம்புறதுக்கு முன்னாடி இங்க முடிக்கிறத இங்கயே முடிச்சுருங்க. மதுரைக்காரங்களுக்கு அண்ணாநகர்ல அரவிந்த் கண் ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு, சொட்டு மருந்து விட்டு ரெட்டினா பாத்து ரிப்போர்ட் வாங்கிக்கங்க. கிட்னிக்கு கிரியாட்டினின், யூரின் புரோட்டீன், அப்புறம் பல்லு, எல்லாம். பழைய ஃபைல மொத்தமா ஸ்கேன் பண்ணி உங்களுக்கே மெயில் போட்டு வச்சுக்கங்க.

பயணத்துல மருந்து எல்லாம் கைப்பைலதான். லக்கேஜ்ல போட்டா பெட்டியே வேற ஊருக்குப் போகலாம், விமானத்துக்கு அடில குளிர்ல இன்சுலின் உறைஞ்சும் போகலாம், ஒருதடவ உறைஞ்ச இன்சுலின் உருகுனாலும் வேலைக்கு ஆகாது. நான் ஹாஸ்டல் ஃபிரிட்ஜ்ல பின்சுவர ஒட்டி வச்சு ரெண்டு பென்ன அப்படித்தான் குப்பைல போட்டேன், கதவுப் பக்கமா வைங்க. சித்திரை மாசம் கெளம்புறீங்கன்னா மதுரைலருந்து சென்னை போற வரைக்கும் காருக்குள்ள வெயில்ல பைய விட்டுறாதீங்க. மேற்கு பக்கம் போறப்ப அந்த ஒரு நாளு நீண்டுரும், ராத்திரி போடுற ஊசிய எப்ப போடணும்னு மணிக்கணக்கோட டாக்டர்கிட்ட எழுதி வாங்கிக்கங்க.

கால் எரிச்சலுக்கு பிரிகாபாலின், வலிக்கு டிரமடால், தூக்கத்துக்கோ வலிப்புக்கோ குளோனசிபாம் எடுக்குறவங்க, நாட்டுக்கு நாடு சட்டம் வேற. துபாய் பக்கம் போறவங்க முன்கூட்டியே ஆன்லைன்ல அனுமதி வாங்கணும், சிங்கப்பூர்லயும் சில மருந்துக்கு அப்படித்தான். "சும்மா மாத்திரைதானே"ன்னு பைக்குள்ள போட்டுட்டுப் போகாதீங்க.

இங்கிலாந்துக்கு படிக்கப் போறவங்க விசாவோட வருஷத்துக்கு 776 பவுண்டு ஹெல்த் சர்சார்ஜ் கட்டுறீங்க, வேலைக்குப் போறவங்க 1,035. அந்தக் காசுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு, முதல் வாரமே வீட்டுப் பக்கத்துல உள்ள ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக்ல பதிஞ்சுருங்க. இன்சுலினோ சுகர் மாத்திரையோ எடுக்குறவங்க, தைராய்டு கொறைவுக்கு மாத்திரை போடுறவங்க, வலிப்புக்கு விடாம மருந்து எடுக்குறவங்க, இவங்களுக்கு எஃப்பி92ஏன்னு ஒரு ஃபாரம், ஜிபிகிட்ட கேட்டா குடுப்பாங்க, அதுக்கு வர்ற சர்டிஃபிகேட் இருந்தா அஞ்சு வருஷத்துக்கு மருந்து ஓசி. யாரும் கூப்ட்டு சொல்லமாட்டாங்க, நம்மதான் கேக்கணும். மருந்து தீரப்போகுது, டாக்டர் கெடைக்கலன்னா 111ங்கிற மருத்துவ உதவி நம்பருக்கு போன் பண்ணுங்க.

ஆஸ்திரேலியா போற ஸ்டூடன்ட்ஸ், உங்க இன்சூரன்ஸ்ல ஏற்கனவே இருக்குற வியாதிக்கு 12 மாசம் காத்திருப்பு உண்டு, அதுக்கு காசு எடுத்து வைங்க. சிங்கப்பூர்ல ஒர்க் பர்மிட்ல போறவங்களுக்கு கம்பெனி போடுற இன்சூரன்ஸ்ல கட்டாயமா வர்றது ஆஸ்பத்திரில படுத்தா ஆகுற செலவும் டே சர்ஜரியும் (அன்னைக்கே வீட்டுக்கு அனுப்புற ஆபரேஷன்) மட்டும்தான், மாசாமாசம் வாங்குற மாத்திரை வருமான்னு சேர்றதுக்கு முன்னாடி கேளுங்க. மகன் வீட்டுக்கு விசிட் போற அம்மா அப்பா, இருக்கப்போற நாளுக்கு முழு மருந்தும் கூட ரெண்டு வாரத்துக்கு சேத்தும் கொண்டு போங்க, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே வந்து குடுக்குற மாத்திரைய வாங்குறவங்க, கொண்டு வர்ற அம்மாகிட்ட முன்னாடியே தேதி சொல்லிருங்க.

போயி சேந்த முதல் மாசம் லோ அடிக்கடி ஆகும், நம்ம ஊர்ல டூவீலர்ல போன தூரத்த எல்லாம் அங்க நடப்போம், சாப்பாடும் பாதிதான் எறங்கும். பைல கடலைமிட்டாய் இருக்குன்னு தைரியமா இருக்காதீங்க, கடலைல எண்ணெய் இருக்குறதால சுகர் மெதுவாத்தான் ஏறும், குளுகோஸ் மாத்திரையோ ஜூஸோதான் வேணும். ரூம்ல கூட இருக்குறவங்ககிட்ட முதல் நாளே கூச்சப்படாம சொல்லிருங்க, குளுகோஸ் டப்பா எந்த டிராயர்ல இருக்குன்னு காமிச்சு, நீ கூப்ட்டு நான் எந்திரிக்கலன்னா வாய்ல எதையும் ஊத்தாத, ஆம்புலன்ஸ் நம்பருக்கு (இங்கிலாந்துல 999) போன் பண்ணி டைப் 1னு சொல்லுன்னு.