துருவேறிய வைஸ் திருகுத் தண்டை மீட்ட விதம்

ராயபுரத்துக் கடற்காற்றில் துருவேறியிருந்த வைஸின் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் பட்டறைக் கருவி) திருகுத் தண்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து மரைகளை (திருகின் புரிகளை) கெடுக்காமல், மின்னாற்பகுப்பு முறையில், அதாவது கரைசலில் மின்சாரம் செலுத்தி, சுத்தம் செய்தேன். பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவைச் சோடாவைக் கரைத்து, பழைய 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைத் தண்டிலும் நேர்முனையைக் கழிவு இரும்புத் தகட்டிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி அமிழ்த்தினேன். தகடு சாதாரண இரும்பாகவே இருக்க வேண்டும். எவர்சில்வர் துண்டைப் போட்டால், அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாகக் கரைசலில் கலந்துவிடக்கூடும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால், தீப்பொறி அண்டாத மொட்டைமாடியில் வைத்தேன். சார்ஜரை அணைத்த பிறகே இணைப்புகளைத் தொட்டேன். கறுப்புப் படிவைக் கம்பித் தூரிகையால் நீக்கியதும் மரைகள் தெளிவாகத் தெரிந்தன. சென்னையின் ஈரக்காற்றில் துரு விரைவாகவே மீண்டும் படரும் என்பதால், உடனே துடைத்து, வெயிலில் உலர்த்தி, கிரீஸ் பூசினேன்.