பகலில் வெயில், இரவில் மலிவு மின்சாரம்: வெந்நீர்த் தொட்டியை அமைப்பது எப்படி?

சோலார் வாட்டர் ஹீட்டர் பொருத்திய பிறகும் மின் கட்டணம் குறையவில்லை என்று பலர் குறைப்படுவதுண்டு. கூரையில் இருக்கும் தகட்டைச் சந்தேகிப்பார்கள். கோளாறு பெரும்பாலும் தொட்டியில் உள்ள மின் ஹீட்டரை இயக்கும் டைமரில் இருக்கும். இரவிலேயே மின்சாரம் தொட்டி முழுவதையும் காய்ச்சி வைத்துவிட்டால், காலையில் வரும் வெயிலுக்கு அங்கே என்ன வேலை? தொட்டியில் குளிர்ந்த நீர் இருந்தால்தான் சூரிய வெப்பம் பயன்படும். கீழே வரும் எல்லாப் படிகளும் அந்த இடத்தை வெயிலுக்கு ஒதுக்குவதற்காகத்தான்.

படி 1: மலிவு நேரம் எது?

மின் கட்டண ரசீதில் நேரத்துக்கு ஏற்ற கட்டணம் இருக்கிறதா என்று பாருங்கள். பொதுவாக நள்ளிரவு முதல் விடியற்காலை வரை கட்டணம் குறைவு. சூரிய மின் உற்பத்தி மிகுந்த சில பகுதிகளில் நண்பகலிலும் குறைவாக இருக்கும். நாள் முழுவதும் ஒரே கட்டணம் என்றால், இரவுக்கு எனத் தனி லாபம் இல்லை. வெயில் போதாதபோது மட்டும் மின்சாரத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

படி 2: ஒரு சின்னக் கணக்கு

ஒரு யூனிட் மின்சாரம் 860 லிட்டர் நீரின் வெப்பத்தை 1 டிகிரி உயர்த்தும். ஆகவே லிட்டரை, உயர வேண்டிய டிகிரியால் பெருக்கி 860-ஆல் வகுத்தால் தேவையான யூனிட் கிடைக்கும். 20 டிகிரியில் இருக்கும் 200 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 9.3 யூனிட் வேண்டும். 3 கிலோவாட் ஹீட்டருக்கு அது மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமான வேலை. மேல்பாதி 100 லிட்டர் மட்டும் போதுமென்றால் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

படி 3: ஹீட்டர் எந்த உயரத்தில்?

தொட்டி வாங்கும்போது பலரும் கேட்க மறக்கும் கேள்வி இது. சூடான நீர் மேலே நிற்கும். புதிதாக வரும் குளிர்ந்த நீர் அடியில் தங்கும். மின் ஹீட்டர் தனக்கு மேலே உள்ள நீரைத்தான் சூடாக்கும், கீழே உள்ளது அப்படியே கிடக்கும். எனவே நின்ற வாக்கில் உள்ள தொட்டியில் தகட்டின் சூட்டை நீருக்குத் தரும் சூரிய வெப்பச் சுருள் அடியிலும், அன்றாடம் இயங்கும் மின் ஹீட்டர் நடு உயரத்திலும் இருக்க வேண்டும். இரவில் மேல்பாதி சூடாகும், கீழ்ப்பாதி வெயிலுக்குக் காத்திருக்கும்.

அடியில் இன்னொரு ஹீட்டரும் உள்ள தொட்டியையே நான் பரிந்துரைப்பேன். லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பில் பெருகும். 60 டிகிரியில் அழியும். தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தால், வாரம் ஒரு முறை கீழ் ஹீட்டரைப் போட்டுத் தொட்டி முழுவதையும் 60 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள்.

படி 4: டைமரை வைப்பது

மலிவு நேரம் தொடங்கியதும் ஹீட்டரை ஓடவிடுவது வழக்கம். அதைவிட, அந்த நேரம் முடியும்போது வேலையும் முடியும்படி வையுங்கள். மலிவு நேரம் காலை 6 மணி வரை என்றால், ஒன்றரை மணி நேர வேலைக்கு 4.30-க்குத் தொடங்கினால் போதும். இடைப்பட்ட நேரத்தில் தொட்டியிலிருந்து கசியும் வெப்பம் மிச்சம்.

காலையில் குளிப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு கச்சிதமாகப் பொருந்தும்: அவர்கள் எடுத்த வெந்நீருக்குப் பதிலாகக் குளிர்ந்த நீர் உள்ளே வர, பகல் முழுவதும் அதை வெயில் கவனித்துக்கொள்ளும். மாலையில் மட்டும் குளிக்கும் வீட்டில் நல்ல வெயில் நாட்களில் டைமரே தேவையில்லை. நாள் முழுவதும் மின்சாரத்தில் தானாகவே இயங்கும் நிலையில் மட்டும் ஹீட்டரை விட்டுவிடாதீர்கள். தொட்டி சற்றே ஆறினாலும், எந்தக் கட்டண நேரமானாலும், அது மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

படி 5: சூரியப் பக்கம்

தொட்டி தகட்டுக்கு மேலே இருந்தால் சூடான நீர் தானாகவே ஏறும், பம்ப் வேண்டாம். கீழே இருந்தால் பம்பும், தகட்டிலும் தொட்டியிலும் வெப்பத்தை அளக்கும் இரண்டு உணரிகள் கொண்ட கட்டுப்பாட்டுக் கருவியும் வேண்டும். தொட்டியின் அடியை விடத் தகடு சில டிகிரி சூடாக இருந்தால் மட்டுமே பம்ப் ஓடும். தொட்டிக்கான உணரியை அதன் மேல்பகுதியில் வைத்துவிட்டால், இரவில் சூடான நீரைப் பார்த்து ஏமாந்து, பகலில் பம்ப் வெகு நேரம் ஓடாது. வெப்பத் தகட்டுக்குப் பதில் சூரிய மின் தகடு இருப்பவர்கள், உபரி மின்சாரத்தைக் கீழ் ஹீட்டருக்குத் திருப்பும் கருவியைப் பொருத்தலாம்.

படி 6: பாதுகாப்பு

3 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்டில் 13 ஆம்பியர் இழுக்கும். செருகி வைக்கும் சின்ன டைமர்கள் மணிக்கணக்கில் இதைத் தாங்கும் என நம்ப வேண்டாம். தனி சர்க்யூட்டும், அதிக மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்சான கான்டாக்டரும் வைத்து, உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனிடம் வேலையை ஒப்படையுங்கள். தொட்டியில் நீர் நிரம்பாமல் ஹீட்டரைப் போட்டால் அது எரிந்துவிடும். அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு சொட்டுகிறது என்று அதை அடைத்துவிடாதீர்கள், மிக ஆபத்தானது. 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும் என்பதால், குழாய்க்குப் போகும் வழியில் குளிர்ந்த நீரைக் கலக்கும் வால்வும் தேவை.

படி 7: பருவத்துக்கு ஏற்ற மாற்றம்

வெயில் காலத்தில் டைமரை நிறுத்திவிட்டு, மாலையில் தொட்டியின் வெப்பமானியைப் பாருங்கள். மேல்பாதி 50 டிகிரிக்கு மேல் இருந்தால் மறுநாள் காலைக்கும் அதுவே தாங்கும். அதற்குக் கீழே இறங்கத் தொடங்கும்போது அரை மணி நேரமாக டைமரை மீண்டும் போடுங்கள், குளிர் கூடக் கூட நீட்டிக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் நீண்ட நாள் வெளியூர் போகிறீர்கள் என்றால், வெப்பத் தகட்டை ஒரு துணியால் மூடிவிட்டுக் கிளம்புங்கள்.