பழைய ஸ்லாட் காரை அடையாளம் கண்டு மறுபடி ஓடவைப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கத்துப் பழைய வீடுகளில் கராஜ் பரணை ஒழிக்கும்போது, உள்ளங்கை நீளப் பந்தயக் கார் ஒன்றும் அதோடு கறுப்புப் பாதைத் துண்டுகளும் அகப்படுவது உண்டு. பாதையின் நடுவே பள்ளம் ஓடும். அதன் இரு ஓரத்திலும் உலோகப் பட்டை இருக்கும். பட்டைகளில் வரும் 12 வோல்ட் நேர்மின்சாரத்தைக் கார் அடியிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடும். இதுதான் ஸ்லாட் கார். மோட்டார் செத்துவிட்டது என்று குப்பைக்குப் போகும் கார்களில் பல, அழுக்கை எடுத்தால் ஓடக்கூடியவை. நிஜமாகவே கெட்டுப்போகும் கார்கள் பெரும்பாலும் கெடுவது, கண்டெடுத்த அன்றைக்கே ஆசையாகத் தேய்த்துக் கழுவுவதால்தான். ஆகவே முதலில் அடையாளம், பிறகு மோட்டார், கடைசியில் அழகு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

1. அடிப்பக்கத்தைப் படியுங்கள்

காரைக் கவிழ்த்து, டார்ச் ஒளியைச் சாய்வாக அடியுங்கள். அச்சில் பதிந்த எழுத்துகள் நிழல் விழுந்து தெரியும். தென்னாப்பிரிக்காவில் அதிகம் எதிர்பார்க்கக்கூடியது பிரிட்டனின் ஸ்கேலெக்ஸ்ட்ரிக். ஃபிரெட் ஃபிரான்சிஸின் மினிமாடல்ஸ் நிறுவனம் 1957-இல் அதை வெளியிட்டது. மறு ஆண்டே அது ட்ரை-ஆங் பொம்மைகள் செய்த லைன்ஸ் பிரதர்ஸ் கைக்குப் போனது. அதனால் அடியில் 'ட்ரை-ஆங்', 'ஸ்கேலெக்ஸ்ட்ரிக்', 'மேட் இன் இங்கிலாந்து' என்ற சொற்களும், சி என்ற எழுத்தோடு ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண்தான் முக்கியம். சி54 லோட்டஸ், சி55 வான்வால், சி56 லிஸ்டர் ஜாகுவார், சி57 ஆஸ்டன் மார்ட்டின், சி60 டி-டைப் ஜாகுவார், சி76 மினி கூப்பர். சி70 புகாட்டியோ சி71 ஆட்டோ யூனியனோ கிடைத்தால் கையை எடுத்துவிடுங்கள். சேகரிப்பாளர்கள் மிகவும் தேடும் கார்கள் அவை. முதல் பயிற்சிக்கு ஏற்றவை அல்ல. இங்கிலாந்து தவிர ஸ்பெயின், பிரான்ஸ் அச்சுகளும் உண்டு. நாட்டின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே காரின் நிறமும் பாகங்களும் நாட்டுக்கு நாடு வேறுபடும்.

உடல் தகரமா பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். முதலில் வந்த கார்கள் தகரம்: மசெராட்டி, ஃபெராரி, ஆஸ்டின் ஹீலி. பிளாஸ்டிக் உடல் 1960-இல் தொடங்கியது. தகரக் காரில் ஒரு குழப்பம் வரும். அதே நிறுவனம் 1952 முதல் 'ஸ்கேலெக்ஸ்' என்ற பெயரில், சாவியில்லாமல் ஸ்பிரிங் விசையில் ஓடும் கார்களைச் செய்தது. அவற்றின் அடியிலும் ஐந்தாவதாக ஒரு சக்கரம் இருக்கும். தரையில் அழுத்திப் பின்னால் இழுத்தால் ஸ்பிரிங் இறுகுகிறதா? அப்படியானால் அது மின்சாரக் கார் இல்லை. இந்தச் செய்முறை அதற்குப் பொருந்தாது.

எழுத்தே தெரியாவிட்டால் அளவு உதவும். சுமார் 12 முதல் 14 செ.மீ. நீளம் என்றால் 1/32 அளவு, அதாவது நிஜக் காரில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. 17 செ.மீ. சுமார் என்றால் 1/24. காக்ஸ், ரெவெல், மோனோகிராம் போன்ற அமெரிக்கக் கார்களாக இருக்கலாம். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது என்றால் எச்ஓ வகை. அதில் மோட்டார் தட்டையாகக் கிடந்து, பல்சக்கரங்கள் மேல்தட்டில் வரிசையாகத் தெரிந்தால் அரோரா தண்டர்ஜெட், 1963-இல் வந்தது.

நம் ஊர் ஆட்கள் லோட்டஸ், பிஆர்எம் கார்களைத் தனியாக எடுத்துவைப்பதற்குக் காரணம் உண்டு. 1962 டிசம்பர் 29 அன்று தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் நகரப் பந்தயத்தில்தான் கிரஹாம் ஹில் பிஆர்எம் காரில் ஃபார்முலா ஒன் உலகப் பட்டத்தை உறுதிசெய்தார். 1968 ஜனவரி 1 அன்று இங்குள்ள கயாலாமி பந்தயத் தடத்தில் ஜிம் கிளார்க் லோட்டஸில் வென்றது அவருடைய கடைசி கிராண்ட் பிரி வெற்றி.

அடையாளம் தெரிந்ததும் ஆறு பக்கமும் படமெடுங்கள். ஒயர் எந்த முனைக்குப் போகிறது என்பது படத்தில் தெளிவாக இருக்கவேண்டும்.

2. தேவையான சாமான்

காந்தமில்லாத சிறு திருப்புளிகள், மல்டிமீட்டர், வெர்னியர் அளவுகோல், பார்மசியில் கிடைக்கும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் 100 மி.லி., பஞ்சுக்குச்சி, மரப் பல்குச்சி, மென்மையான பல் துலக்கி, தையல் மெஷின் எண்ணெய், பிளாஸ்டிக்கைத் தாக்காத வெள்ளை கிரீஸ், புதிய 9 வோல்ட் பேட்டரி, முனையில் கிளிப் உள்ள இரண்டு ஒயர்கள், பாகங்களைப் போட்டுவைக்க மூடியுள்ள டப்பாக்கள்.

வீட்டில் கைக்கெட்டும் சில பொருள்களைத் தள்ளி வையுங்கள். கியூ20 ஸ்பிரே துருப்பிடித்த கதவுக் கீலுக்கு அருமையானது. மோட்டாருக்குள் அடித்தால் படலமாகத் தங்கி, கார்பன் தூளைச் சேறாக்கிவிடும். மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் சாயம் கலந்திருப்பதால் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் கறை இறங்கும். நெயில் பாலிஷ் அகற்றியும் தின்னரும் உடலையே கரைக்கும். குரோம் பூசிய பாகத்தில் ஜிக் என்ற வெளுப்புத் திரவம் பட்டால் பளபளப்பு சில நிமிடத்தில் போய்விடும். குத்துவிளக்கு தேய்க்கிற புளி பித்தளைப் பல்சக்கரத்தையும் பளிச்சென்று ஆக்கும்தான். ஆனால் பல்லிடுக்கில் தங்கும் புளிப்பு பிறகு பச்சைக் களிம்பாக வெளியே வரும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டும் நாள்பட்டால் பிசினாகிவிடும். பழைய கார்களில் சக்கரம் சுற்றாமல் பிடித்துக்கொள்ள இது ஒரு காரணம்.

3. திறப்பது

திருகாணியின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் முனையை எடுத்து, மேலிருந்து அழுத்தியபடி மெதுவாகத் திருப்புங்கள். இளகவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். பிளாஸ்டிக் தூண் திருகிக்கொண்டு உடைந்துவிடும். சற்று இறுக்கும் பக்கம் அசைத்து, பிறகு கழற்றும் பக்கம் அசைத்து, இப்படியே நாலைந்து முறை செய்தால் இளகும். திருகாணி இல்லாமல் கொக்கிகளால் மாட்டிய உடலும் உண்டு. பழைய பிளாஸ்டிக் குளிரில் நொறுங்கும். ஜூலை மாதத்து ஜோகன்னஸ்பர்க் காலையில் திறக்காமல், அறை சூடேறிய பிறகு திறவுங்கள்.

மறுபடி மாட்டும்போது ஒரு பழக்கம் வேண்டும். திருகாணியை ஓட்டையில் வைத்து முதலில் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். 'டிக்' என்று ஒரு சிறு இறக்கம் விரலுக்குத் தெரியும். பழைய மரை அங்கேதான் தொடங்குகிறது. அங்கிருந்து இறுக்கினால் புதிய மரை வெட்டாது, தூணும் பிளக்காது.

4. மோட்டார்

பேட்டரியை வைக்கும் முன் பின்சக்கரத்தைக் கையால் உருட்டிப் பாருங்கள். இறுகியிருந்தால் அச்சில் தலைமுடியும் கம்பள நூலும் சுற்றியிருக்கும், இடுக்கியால் எடுத்துவிடுங்கள். அடுத்து, 9 வோல்ட் பேட்டரியின் ஒயர்களை மோட்டாரின் இரு முனைகளிலும் ஒரு விநாடி மட்டும் தொடுங்கள். சுற்றினால் நல்லது. சுற்றாவிட்டாலும் வைத்துக்கொண்டே இருக்கக்கூடாது. நின்றுபோன மோட்டார் முழு மின்சாரத்தையும் சுருளுக்குள் இழுத்துச் சூடாகும்.

சுற்றாத மோட்டாரில் முதல் சந்தேகம் கம்யூட்டேட்டர், அதாவது ஆர்மேச்சர் என்ற சுழலும் சுருள் பாகத்தின் தண்டில் கார்பன் பிரஷ்கள் உரசும் செப்பு வளையம். அது மூன்று துண்டாக இருக்கும். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியை அதன்மேல் வைத்துத் தண்டைக் கையால் சுற்றுங்கள். கறுப்பு வராத வரை குச்சி மாற்றுங்கள். துண்டுகளுக்கு நடுவிலுள்ள மூன்று இடுக்குகளையும் பல்குச்சி நுனியால் சுரண்டுங்கள். அங்கே அடைந்த கார்பன் மின்சாரத்தைக் குறுக்கே கடத்துவதால்தான் பல மோட்டார்கள் நடுங்கிவிட்டு நின்றுவிடுகின்றன. உப்புத்தாளும் இரும்பு நாரும் கூடவே கூடாது. உப்புத்தாள் செப்பில் வரி போடும். இரும்பு நாரின் தூள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு பிறகு வெளியே வராது.

இன்னும் சுற்றவில்லையா? மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, பிரஷ்களை விலக்கிவிட்டு, மூன்று செப்புத் துண்டுகளை இரண்டிரண்டாக அளந்து பாருங்கள். மூன்று அளவும் ஒன்றுபோல் இருந்தால் சுருள் நலம். ஓர் அளவு மற்ற இரண்டைப்போல் இரு மடங்காக வந்தால், அந்த இரண்டு துண்டுகளுக்கும் இடைப்பட்ட சுருளில் கம்பி அறுந்திருக்கிறது. பெரும்பாலும் அறுவது துண்டோடு கம்பி சேரும் முனையில்தான். நல்ல கண்ணாடி போட்டுப் பாருங்கள், ஒரு பொட்டு சால்டரில் சரியாகலாம். ஓர் அளவு மற்றவற்றைவிட மிகக் குறைவாக இருந்தால் சுருளுக்குள் கம்பிகள் ஒட்டிவிட்டன. புதிதாகச் சுற்றவேண்டும் அல்லது வேறு மோட்டார் தேடவேண்டும். செப்புத் துண்டுக்கும் இரும்புத் தண்டுக்கும் இடையே மீட்டர் எதுவும் காட்டக்கூடாது.

சுருள் நன்றாக இருந்தும் ஓடாவிட்டால், மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே பொத்தான்போல ஒரு சிறு கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியோவிலும் டிவியிலும் இரைச்சல் வராமலிருக்க வைத்தது. அது பழுதாகி இரு முனைகளையும் இணைத்துவிட்டால் மோட்டாருக்கு மின்சாரமே போகாது. ஒரு காலை மட்டும் விடுவித்துச் சோதியுங்கள்.

ஆர்மேச்சரை முழுதாக உருவி எடுப்பதைத் தொடக்கத்தில் தவிர்க்கச் சொல்வோம். பழைய மோட்டார் சிலவற்றில் ஆல்நிகோ காந்தம் இருக்கும். நடுவிலுள்ள இரும்பை எடுத்தால் அதன் வலிமை குறையும். திரும்பப் பொருத்தினாலும் வேகம் பழையபடி வராது. எடுத்தே ஆகவேண்டும் என்றால், எடுத்தவுடன் காந்தத்தின் இரு முனைகளையும் ஓர் இரும்புத் துண்டால் இணைத்து வையுங்கள்.

ஓடத் தொடங்கியதும் தண்டின் இரு முனைகளிலும் ஊசி நுனியால் ஆளுக்கொரு துளி தையல் மெஷின் எண்ணெய் போதும். அதிகமானால் கம்யூட்டேட்டருக்கு வழிந்து, செய்த வேலையெல்லாம் வீணாகும். பிறகு 4 வோல்ட் அளவில் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பாதையின் 12 வோல்ட்டுக்குப் போங்கள். பல்சக்கரம் இணையாமல் தனியே ஓடும்போதே ஒரு ஆம்பியருக்கு மேல் இழுத்தால் நிறுத்திவிட்டு மறுபடி சுத்தம் செய்யுங்கள்.

5. பிரெய்டும் பல்சக்கரமும்

பாதையிலிருந்து மின்சாரம் எடுப்பது பிரெய்டு என்ற பின்னிய செப்புப் பட்டை. கறுத்து விறைத்திருந்தால் சுத்தம் செய்வதைவிட மாற்றுவதே மேல், விலை அற்பம். பழையதன் நீளத்தையும் அகலத்தையும் அளந்து அப்படியே வெட்டுங்கள். நுனியை 3 மி.மீ. பிரித்துவிட்டு, மெல்லக் கீழ்நோக்கி வளையுங்கள். அதிகம் வளைத்தால் காரின் முன்பக்கத்தையே தூக்கிவிடும். வளைவில் கார் பள்ளத்தைவிட்டு வெளியேறும். கார் பின்னோக்கி ஓடினால் இரண்டு ஒயரையும் இடம் மாற்றுங்கள்.

மோட்டார் இரைந்தும் கார் நகராவிட்டால், மோட்டார் தண்டிலுள்ள சிறு பல்சக்கரமான பினியனைப் பாருங்கள். தண்டைவிடச் சற்றுச் சிறிய துளையில் அழுத்திப் பொருத்திய பிளாஸ்டிக் பினியன், காலப்போக்கில் இரு பற்களுக்கு நடுவே பிளந்துவிடும். பசை நிற்காது. பற்களை எண்ணி, அதே எண்ணிக்கையுள்ள பித்தளைப் பினியன் வாங்குங்கள்.

6. டயர்

கல்லாகிப்போன ரப்பர் பாதையைப் பிடிக்காது. உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் சக்கரத்தில் அளந்து புதிய டயர் வாங்குங்கள். பழையதை ஒரு பையில் போட்டுக் காரோடு வையுங்கள். மென்மையாக இளகிய பழைய டயர் பிளாஸ்டிக்கில் படக்கூடாது. அதிலிருந்து கசியும் நெகிழ்வூட்டி, பெட்டிக்குள் தொட்டுக்கொண்டிருக்கும் உடலில் பள்ளம் விழுமளவுக்கு உருக்கிவிடும்.

7. உடல்

மோட்டார் முழுவதும் கழன்ற பிறகுதான் தண்ணீர். வெதுவெதுப்பான நீர் ஒரு லிட்டரில் சன்லைட் பாத்திரத் திரவம் இரண்டு துளி விட்டு, மென்மையான துலக்கியால் தடவுங்கள். ஸ்டிக்கரையும் பந்தய எண்களையும் துலக்கி தொடக்கூடாது. ஈரப் பஞ்சால் ஒற்றியெடுங்கள். தகர உடலை ஊறவைக்கவே கூடாது, மடிப்புகளுக்குள் நீர் நின்று உள்ளிருந்து துருப்பிடிக்கும். பழைய தகரப் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதைத் தேய்த்து உரிக்கவும் வேண்டாம்.

மறுபெயின்ட் அடிக்கலாமா என்பதுதான் எல்லோரும் கேட்பது. வேண்டாம். கீறலுள்ள அசல் நிறத்துக்கு இருக்கும் மதிப்பு புதுப் பெயின்டுக்கு இல்லை; அடித்ததைத் திரும்ப எடுக்கவும் முடியாது. உடைந்த கண்ணாடிக்கும் காணாமல்போன ஓட்டுநர் தலைக்கும் மறுதயாரிப்புப் பாகங்கள் கிடைக்கின்றன. அவற்றைப் பொருத்தினால், எது புதியது என்று ஒரு சீட்டில் எழுதிக் காரோடு வையுங்கள்.

8. மின்சாரமும் பெட்டியும்

பெட்டியோடு வந்த டிரான்ஸ்ஃபார்மரைச் சுவரில் மாட்டாதீர்கள். நமக்கு 230 வோல்ட். அமெரிக்கப் பெட்டியின் அடாப்டர் 110 அல்லது 120 வோல்ட்டுக்கானது, மாட்டியதும் புகையும். பிரிட்டனின் 240 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் கணக்குக்குச் சரிதான் என்றாலும், அறுபது வருட ரப்பர் ஒயரின் உறை விரல் பட்டாலே உதிரும். அதை ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள், அல்லது காட்சிக்கு வைத்துவிட்டுப் புதிய 12 வோல்ட் நேர்மின் அடாப்டர் வாங்குங்கள்.

டர்பன் கரையோரத்தில் உப்புக்காற்று பாதையின் பட்டையைச் சில வாரத்திலேயே மங்கவைக்கும். பென்சில் அழிப்பானால் தேய்த்துத் துடைத்தால் போதும். உப்புத்தாள் பூச்சை எடுத்துவிடும், பிறகு துரு இன்னும் வேகமாக வரும். காரைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள பெட்டியில், சக்கரம் தரையில் படாதபடி சேசிஸின், அதாவது அடிச்சட்டத்தின், கீழ் ஒரு கட்டையைக் கொடுத்து வையுங்கள். பட்டுப்புடவை அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள்: அங்கே போடும் பூச்சி உருண்டையின் ஆவி பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கிப் பிசுபிசுப்பாக்கிவிடும்.