‘படித்தே ஆகவேண்டிய பத்து’ போடும்போது சறுக்குகிற இடங்கள்

போன வருடம் நாகர்கோவிலில் ஒரு வாசகர் கூட்டத்துக்காக, குமரி மாவட்டத்தில் படித்தே ஆகவேண்டிய பத்து எழுத்தாளர்கள் என்று ஒரு தாள் தயார் செய்தேன். கவிமணி, சுந்தர ராமசாமி, கிருஷ்ணன் நம்பி, நாஞ்சில் நாடன் என்று ஜோராகப் போனது. குளச்சலில் இருந்து வந்திருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இந்த பஸ் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் தாண்டவே இல்லியே” என்றாள். பத்தில் ஒரு பெண்கூட இல்லை என்பதை அவள் சொல்லாமலே நான் பார்த்துக்கொண்டேன்.

முதல் தவறு அதுதான், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் அடங்கிய நாஞ்சில் நாட்டையே முழு மாவட்டம் என்று நினைத்துக்கொள்வது. 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்து இந்த மாவட்டமானவை நான்கு தாலுகாக்கள். கல்குளமும் விளவங்கோடும் அதில் உண்டு. நெல்வயல் பக்கத்துக் கதைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் பனைவிளையும் கடற்கரையும் அப்படியே விட்டுப்போகும்.

சரி, தப்பு தெரிந்ததும் என்ன செய்தேன்? பதினொன்றாவதாக ஹெப்சிபா ஜேசுதாசனைச் சேர்த்தேன். இது அடுத்த தவறு, முதலாவதைவிட நைசானது. பனையேறிக் குடும்பங்களைப் பற்றிய அவருடைய ‘புத்தம் வீடு’ வந்தது 1964இல், சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ நூலானது 1966இல். வருடக் கணக்கில் முன்னால் நிற்கிறவரை வால்பகுதியில் ஒட்டிவிட்டு, பெண்ணுக்கும் இடம் கொடுத்தாயிற்று என்று நிம்மதியாகிவிட்டேன்.

அப்புறம் இந்த முத்திரை குத்தும் பழக்கம். இதில்தான் நன்றாகப் படிக்கிறவர்களே அதிகம் மாட்டுகிறார்கள். தோப்பில் முகமது மீரானைச் சொல்லும்போது ‘இஸ்லாமிய வாழ்வைச் சொன்னவர்’ என்போம், துப்புரவுத் தொழிலாளர் வாழ்க்கையை ‘தூப்புக்காரி’யில் எழுதிய மலர்வதிக்கு ‘விளிம்புநிலை எழுத்து’ என்போம், ஆனால் வேளாளர் வீட்டு அடுக்களையில் நடக்கிற கதை வந்தால் அதற்கு அடைமொழியே வேண்டாம், சும்மா ‘இலக்கியம்’ என்றே சொல்லிவிடுவோம். தேங்காய்ப்பட்டணத்துக்காரரான மீரான் 1988இல் வெளியிட்ட ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் ஒரு முதலாளியின் அதிகாரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவதைப் பார்க்கிறோம். அதிகாரம் சரிகிற கதைக்கு ஒரு சமூகத்தின் பெயரை மட்டும் ஒட்டிவிட்டால், அந்தச் சமூகத்தைத் தெரிந்துகொள்ளத்தான் ஆட்கள் அந்தப் புத்தகத்தை எடுப்பார்கள், நாவலாகப் படிக்க மாட்டார்கள்.

‘மொழி புரியவில்லை’ என்கிற குறையும் இதோடு சேர்ந்ததுதான். கன்னிப்பூ, கும்பப்பூ என்று நெல் போகத்தின் பெயர்கள் வந்தால் ரசித்துக்கொண்டே போகிற நான், ஒரு கடற்கரைச் சொல் வந்ததும் அடிக்குறிப்பு எங்கே என்று எரிச்சல்பட்டிருக்கிறேன். வயலில் வளர்ந்தவனுக்குக் கடல் தெரியாது, அது என் குறை.

விருதை அளவுகோலாக வைப்பதைப் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். சாகித்ய அகாதமி விருது தொடங்கியது 1955இல். தமிழில் ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் கிடைத்தது 1973இல், ராஜம் கிருஷ்ணனுக்கு. 2021இல் அம்பைக்குக் கிடைத்தபோது அவர் நாலாவது பெண்.

அச்சில் வந்தால்தான் இலக்கியம் என்று நினைப்பது இன்னொன்று. அய்யாவழிக்காரர்களின் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானை ஓலையில் எழுதப்பட்டு, அவர்களுடைய வழிபாட்டு இடங்களான நிழல் தாங்கல்களில் பல தலைமுறையாக வாசிக்கப்பட்டு, 1939இல்தான் அச்சேறியது. சூஃபிக் கவிஞரான தக்கலை ஞானியார் அப்பாவின் பாடல்களை இன்றும் ஆண்டுவிழாவில் கூடிப் பாடுகிறார்கள். இவற்றைப் ‘பக்தி நூல்கள்’ என்று ஒதுக்கினால் நான் கேட்பது ஒன்றுதான்: திருவாசகம் என்ன, பக்தி இல்லையா? கோயில் கொடைகளில் விடியவிடியக் கேட்ட வில்லுப்பாட்டுக் கதைகளையும் என் தாளில் காணோம்.

இத்தனையும் சொன்னதும் சிலர் எதிர்ப்பக்கம் சாய்ந்து, அப்படியானால் கவிமணியைத் தூக்கிவிடலாமா என்று கேட்கிறார்கள். அதுவும் தவறுதான். ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ முழுவதையும் ஒரு காரணவரின், அதாவது குடும்பத் தலைவரின், ஐந்தாம் மனைவி சொல்கிறாள். சொத்து மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்கு, போகிற முறையில் மனைவியும் பிள்ளைகளும் படுகிற பாட்டை அவள் வாயால் சிரிக்கச் சிரிக்கச் சொல்லவைத்தவர் அவர், அந்தப் பெண்குரலை எழுதியது ஓர் ஆண் என்ற நினைப்போடு படித்தால் இன்னும் சுவாரசியம்.

தாளின் தலைப்பில் இருந்த ‘பத்து’ என்ற எண்ணை எடுத்துவிட்டேன். அடுத்த கூட்டத்துக்குக் குளச்சல்காரியையே பட்டியல் போடச் சொன்னோம், போட்டுக்கொண்டு வந்தாள். அதில் கிருஷ்ணன் நம்பி இல்லை. அதற்காக அவளிடம் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.