கிராமப்புற மருத்துவமனையில் ரத்த சேமிப்பு மையம்: அனுமதி பெறுவது எப்படி?

பிரசவத்துக்குப் பின் பெருகும் ரத்தப்போக்கு ஒரு தாயின் உயிரைச் சில மணி நேரத்துக்குள் பறித்துவிடக்கூடும். மாவட்டத் தலைநகரிலிருந்து தள்ளியிருக்கும் மருத்துவமனையில் அறுவை அரங்கும் மகப்பேறு மருத்துவரும் இருந்தும், ஏற்றுவதற்கு ரத்தம் இல்லாததால் அந்தப் பெண்ணை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்ப வேண்டியிருக்கிறது. ரத்தப் பைகளை அந்த மருத்துவமனையிலேயே இருப்பு வைக்க முழு ரத்த வங்கி உரிமம் தேவையில்லை. ஓர் எளிய அனுமதி போதும்.

இந்த அனுமதி வந்த கதையை அறிந்துகொள்வது நல்லது. உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பையடுத்து, பணத்துக்கு ரத்தம் விற்பது 1998 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. ரத்த வங்கிகளுக்கான உரிம விதிகளும் இறுகின. அந்தக் கண்டிப்பு தேவையானதுதான். ஆனால் நோயாளியின் உறவினரிடம் ரத்தம் எடுத்து அங்கேயே ஏற்றிக்கொண்டிருந்த கிராமப்புற அறுவை மருத்துவர்களுக்கு அது வழியை அடைத்துவிட்டது. 100 சதுர மீட்டர் இடம் கேட்கும் ரத்த வங்கியை முப்பது படுக்கை மருத்துவமனை எப்படி அமைக்கும்? இதற்கு விடையாகத்தான், 2001 டிசம்பரில் மருந்து விதிகளின் கே அட்டவணையில், அதாவது விதிவிலக்குகளின் பட்டியலில், 5-பி என்ற பதிவு சேர்க்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையம், சமுதாய சுகாதார நிலையம், முதல்நிலைப் பரிந்துரை மருத்துவமனை ஆகியவற்றுடன் வேறு எந்த மருத்துவமனையும், ஆண்டுக்கு 2,000 அலகுகளுக்கு (பைகளுக்கு) மிகாமல் தன் சொந்தப் பயன்பாட்டுக்கு ரத்தத்தைச் சேமித்து வைக்க இது இடம் தருகிறது. இங்கே கொடையாளரிடமிருந்து ரத்தம் எடுக்கக் கூடாது என்பதை மறக்க வேண்டாம்.

முதல் வேலை, உங்களுக்கு ரத்தம் வழங்கப்போகும் ‘தாய் ரத்த வங்கி’ ஒன்றுடன் பேசி எழுத்துப்பூர்வமான இசைவைப் பெறுவது. உரிமம் பெற்ற அரசு ரத்த வங்கி, செஞ்சிலுவைச் சங்க ரத்த வங்கி, மண்டல ரத்த மையம் ஆகியவற்றிலிருந்தே ரத்தம் பெற வேண்டும் என்று அந்தப் பதிவு சொல்கிறது. குளிர்பதனப் பெட்டி வாங்கிய பிறகு இசைவு கேட்டு அலைவதைவிட, இசைவு கிடைத்த பிறகு பெட்டி வாங்குவதே புத்திசாலித்தனம்.

அடுத்தது இடமும் கருவியும். 10 சதுர மீட்டர் அறை போதும். அது வெளிச்சமாகவும் சுத்தமாகவும், முடிந்தால் குளிரூட்டப்பட்டதாகவும் இருக்க வேண்டும். வீட்டு உபயோக ஃப்ரிட்ஜ் உதவாது. 4 டிகிரி செல்சியஸில், இரண்டு டிகிரிக்கு மேல் ஏறவோ இறங்கவோ விடாமல் குளிரைக் காத்து, வெப்பநிலையைக் காட்டி, அளவு மாறினால் ஒலி எழுப்பும் ரத்த வங்கிக் குளிர்பதனப் பெட்டியே வேண்டும். மின்வெட்டு வழக்கமாக உள்ள ஊரில் ஜெனரேட்டர் இணைப்பையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

என் கணிப்பில், முயற்சி தடுமாறுவது ஆட்கள் விஷயத்தில்தான். ரத்தம் பெறுதல், சேமித்தல், கொடையாளர் ரத்தம் நோயாளிக்கு ஒத்துப்போகுமா என்று பொருத்தம் பார்த்தல் ஆகியவற்றில் பயிற்சி பெற்ற மருத்துவ அலுவலர் ஒருவரும், ரத்த வங்கித் தொழில்நுட்பர் ஒருவரும் வேண்டும். தொழில்நுட்பர் கிடைக்காவிட்டால், ரத்த வகையும் பொருத்தமும் பார்க்கப் பயிற்சி பெற்ற அனுபவமுள்ள ஆய்வக நுட்பர் போதும் என்று விதியே சலுகை தருகிறது. இந்தச் சலுகையைப் பயன்படுத்தி, ஏற்கெனவே பணியிலிருக்கும் ஆய்வக நுட்பர்களில் ஒருவரையல்ல, குறைந்தது மூவரையாவது தாய் வங்கிக்குப் பயிற்சிக்கு அனுப்புங்கள். இரவு இரண்டு மணிக்குப் பொருத்தம் பார்க்க ஆள் இல்லாத மையத்தில் எத்தனை பை இருந்தும் பயனில்லை.

இவை தயாரானதும், மாநில மருந்து உரிமம் வழங்கும் அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் அவர் மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநர். தாய் வங்கியின் இசைவுக் கடிதம், அறையின் வரைபடம், கருவிகளின் பட்டியல், பணியாளர்களின் தகுதி மற்றும் பயிற்சிச் சான்றுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருந்தால் ஆய்வு விரைவாக முடியும். அனுமதி கைக்கு வரும் முன் ஒரு பையைக்கூடக் கொண்டுவரக் கூடாது. அனுமதி இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். முடிவதற்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். ஆள் பற்றாக்குறையோடு ஓடும் ஒரு சிறிய மருத்துவமனைக்கு இந்த இரண்டாண்டுக் கெடு குறுகியது. அதை ஐந்தாண்டாக நீட்டி, இடைக்கால ஆய்வுகளைக் கூட்டினால் பாதுகாப்பும் குறையாது, அலைச்சலும் குறையும்.

தொடக்க இருப்புக்கு மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் ஓர் அளவு சொல்கிறது: ஏ, பி, ஓ பாசிட்டிவ் வகைகளில் தலா ஐந்து, ஏபி பாசிட்டிவ் இரண்டு, ஏ, பி, ஓ நெகட்டிவ் தலா ஒன்று என மொத்தம் இருபது அலகுகள். தேவைக்கேற்ப இதை மாற்றிக்கொள்ளலாம். பைகளைக் குளிர் காக்கும் பெட்டியில் வைத்தே எடுத்துவர வேண்டும். பனிக்கட்டி பையை நேரடியாகத் தொடக் கூடாது. பயன்படாத பையை, காலாவதியாகப் பத்து நாட்களுக்கு முன்பே தாய் வங்கிக்குத் திருப்பிக் கொடுத்துப் புதியதைப் பெற்றுக்கொண்டால், அங்கே அது வேறொருவருக்குப் பயன்படும். ரத்தம் ஏற்றிய பிறகு கொடையாளர், நோயாளி இருவரின் மாதிரிகளையும் ஏழு நாட்கள் வைத்திருக்க வேண்டும். வரவு, பொருத்தப் பரிசோதனை, வழங்கல் ஆகிய மூன்றுக்குமான பதிவேடுகளை அன்றன்றே எழுதி முடித்து, மருத்துவ அலுவலரின் கையொப்பத்தை அன்றே வாங்கிவிடுங்கள். ஆய்வுக்கு வருபவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.